கோல் அவருடையது, முடிவு யாருடையது?

1990 ஆகஸ்ட் 18 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் சாரிட்டி ஷீல்டுக்காக மோதின. அந்த ஆட்டத்துக்கு முன்னால் இன்னொரு ஆட்டமும் நடந்தது. இங்கிலாந்துப் பெண்கள் அணியும் இத்தாலிப் பெண்கள் அணியும் ஆடின. இத்தாலி 4-1 என வென்றது. நான்கு கோலையும் அடித்தவர் ஒருவரே. பெயர் கரோலினா மொராச்சே, வயது 26.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1999-ல், அதே மொராச்சே இத்தாலியின் மூன்றாம் பிரிவில் ஆடிய விட்டெர்பேசே என்னும் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த நாட்டில் ஆண்களின் தொழில்முறை அணி ஒன்றை ஒரு பெண் வழிநடத்த வந்தது அதுவே முதல்முறை. இரண்டு லீக் ஆட்டங்கள் முடிந்ததும் அவர் பதவி விலகினார்.

நான்கு கோல் அடித்த காலுக்குச் சொந்தக்காரரால் ஏன் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் நிலைக்க முடியவில்லை? ஆட்டம் தெரியாமல் போய்விட்டதா? அவருடைய வாழ்க்கையை முழுக்கப் படித்தால் வேறொரு விடை கிடைக்கிறது. கோல் என்பது ஆடுபவர் தானே எடுத்துக்கொள்வது. வலைக்குள் விழுந்த பந்தை யாரும் மறுக்க முடியாது. பயிற்சியாளர் பதவியோ பிறர் கையிலிருந்து வாங்க வேண்டியது. யாரை ஆடவைப்பது, யாரை உதவியாளராக வைத்துக்கொள்வது, பணத்தை எதில் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் வெறும் பதவி மட்டும் தரப்பட்டால், எத்தனை கோல் அடித்தவரும் அதில் நீடிக்க முடியாது. மொராச்சேயின் கதை இதற்குத் தெளிவான சான்று. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், குறிப்பாகத் தமிழர் வாழும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளிலும், பெண்கள் கால்பந்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதையும்கூட.

பதினான்கு வயதில் தேசிய அணி

மொராச்சே 1964-ல் வெனிஸ் நகரில் பிறந்தார். 1978-ல், பதினான்கு வயதில், யுகோஸ்லாவியாவுக்கு எதிராக இத்தாலி அணிக்காகக் களமிறங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 150 சர்வதேச ஆட்டங்களில் 105 கோல். இத்தாலியின் முதல் பிரிவு லீக்கில் ஐந்நூறுக்கும் மேல். பன்னிரண்டு முறை லீக் பட்டம், பன்னிரண்டு முறை லீக்கின் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: இத்தாலி ஆண்கள் அணிக்காக அதிக கோல் அடித்த ஜிஜி ரீவாவின் கணக்கு 35.

1991 நவம்பரில் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது. பெண்களால் தொண்ணூறு நிமிடம் தாங்க முடியாது என்ற நினைப்பில் ஆட்டத்தை எண்பது நிமிடமாகக் குறைத்திருந்தார்கள். அந்தச் சுருங்கிய நேரத்துக்குள்ளேயே சீன தைபே அணிக்கு எதிராக மொராச்சே மூன்று கோல் அடித்தார். பெண்கள் உலகக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அதுதான். காலிறுதியில் நார்வேயிடம் கூடுதல் நேரத்தில் 3-2 எனத் தோற்று இத்தாலி வெளியேறியது. 1993 ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் இத்தாலியிலேயே, செசேனா நகரில் நடந்தது. அதிலும் நார்வேயிடம் 1-0. 1997 இறுதியாட்டத்தில் ஜெர்மனியிடம் 2-0. பெரிய கோப்பை ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. ஆனால் இத்தாலி அந்த உயரம்வரை போனதில் அவருடைய பங்கு மிகப் பெரியது.

இத்தனையும் செய்தவர் சட்டப்படி யார்? ஓர் அமெச்சூர். 1981-ல் இத்தாலி இயற்றிய விளையாட்டுத் தொழில் சட்டம், எந்தப் பிரிவு தொழில்முறை, எது பொழுதுபோக்கு என்று தீர்மானிக்கும் பொறுப்பை அந்தந்த விளையாட்டுச் சங்கத்திடமே விட்டுவிட்டது. கால்பந்துச் சங்கம் பெண்கள் லீக்கைத் தொழில்முறையாக ஏற்கவில்லை. 2022-23 பருவத்தில்தான் இத்தாலியின் முதல் பிரிவுப் பெண் ஆட்டக்காரர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களானார்கள். மொராச்சே ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு. அவர் காலத்தில் கிளப்புகள் ஸ்பான்சரின் தயவில் ஓடின. ஸ்பான்சர் விலகினால் அணியே கலைந்துபோகும். லாசியோ, ரெஜ்ஜியானா, மிலான், வெரோனா, மொடேனா என்று அவர் ஜெர்சி மாறிக்கொண்டே இருந்ததையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

ஆடிக்கொண்டே அவர் சட்டம் படித்து வழக்கறிஞரானார். பெண்கள் கால்பந்தை நம்பி யாரும் வாழ முடியாத நாட்டில் அது பிழைப்புக்கான ஏற்பாடாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பிற்கால மொராச்சேயைப் புரிந்துகொள்ள இந்தப் படிப்பு முக்கியம். ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படிக்கத் தெரிந்த ஸ்டிரைக்கர் அவர். எழுத்தில் தந்த உரிமையை நடைமுறையில் பிடுங்கினால் அதை அவர் சகித்துக்கொண்டதே இல்லை.

விட்டெர்போவில் இரண்டு ஆட்டம்

1999-ல் விட்டெர்பேசே அணியின் உரிமையாளர் லூச்சானோ கௌச்சி. பரபரப்பான முடிவுகளுக்குப் பேர்போனவர். பெண் பயிற்சியாளரை நியமித்த செய்தி இத்தாலியைத் தாண்டியும் பரவியது. கேமராக்கள் அணியின் ஊரான விட்டெர்போவை மொய்த்தன. மொராச்சே தன்னோடு தன் குழுவையும் அழைத்து வந்தார். துணைப் பயிற்சியாளர் எலிசபெத்தா பவன்யோலி, இத்தாலி அணியில் அவரோடு ஆடியவர்.

லீக் தொடங்கி இரண்டு ஆட்டம் முடிவதற்குள் உரிமையாளர் அந்தக் குழுவில் கைவைக்கப் பார்த்தார். தன் உதவியாளர்கள் யார் என்பதை வேறொருவர் தீர்மானித்தால் தான் பயிற்சியாளராக இருப்பதில் பொருளில்லை என்று மொராச்சே வெளியேறினார். ஆண் ஆட்டக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்றோ, உடைமாற்றும் அறையில் சிக்கல் என்றோ நடந்த விலகல் இல்லை இது. தகராறு முழுவதும் மேலிடத்தோடுதான்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் பலர் இதை வேறு மாதிரி எழுதினார்கள். பெண் ஒருத்தியால் ஆண்கள் அணியைச் சமாளிக்க முடியவில்லை என்ற பழைய முடிவுக்கு இது வசதியாகப் போய்விட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிரான்சில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். 2014-ல் இரண்டாம் பிரிவு ஆண்கள் அணியான கிளெர்மோன் கொரின் தியாக்கரைப் பயிற்சியாளராக நியமித்தது. தொடக்கத்தில் தோல்விகள் வந்தபோதும் கிளப் அவசரப்படவில்லை. அவர் 2017 வரை அங்கே இருந்தார். பிரான்ஸ் பெண்கள் அணிப் பொறுப்புக்காகத் தானே விலகிப் போனார். இரு கிளப்புகளும் பயிற்சியாளருக்குத் தந்த அவகாசம்தான் வேறுபட்டது.

சங்கத்தோடு சண்டை

2000-ல் மொராச்சே இத்தாலிப் பெண்கள் தேசிய அணியின் பயிற்சியாளரானார். 2001, 2005 ஐரோப்பியக் கோப்பைகளுக்கு அணி தகுதி பெற்றது. இரண்டிலும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2003 உலகக் கோப்பைக்குத் தகுதியே கிடைக்கவில்லை. அவர் ஆடிய காலத்தில் இறுதியாட்டம்வரை போன நாடு, அவர் பயிற்சியாளரானபோது பின்தங்கியிருந்தது. ஜெர்மனியும் ஸ்வீடனும் பெண்கள் லீக்கில் தொடர்ந்து முதலீடு செய்துகொண்டிருந்தன. அமெச்சூராகவே வைக்கப்பட்ட இத்தாலி லீக்கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தேசிய அணிப் பயிற்சியாளர் எவ்வளவு திறமைசாலியானாலும், ஆண்டு முழுவதும் ஆட்டக்காரர்களை உருவாக்கும் லீக் பலவீனமாக இருந்தால் ஓர் எல்லைக்கு மேல் எதுவும் செய்ய இயலாது.

2009-ல் கனடா அழைத்தது. அவருடைய பயிற்சி வாழ்க்கையின் சிறந்த பகுதி அங்கேதான் அமைந்தது. அவருக்கு முன்பிருந்த நார்வேக்காரர் ஈவன் பெல்லெருட் நேரடி ஆட்டத்தில் நம்பிக்கை உடையவர்: பின்னாலிருந்து நீளமாகத் தூக்கி அடி, முன்னால் வலுவான ஆட்டக்காரர் ஓடிப் பிடிக்கட்டும். மொராச்சே அதைத் தலைகீழாக மாற்றினார். பந்தைத் தரையில் வை, சிறு சிறு பாஸ்களாக முன்னேறு, பின்வரிசையே ஆட்டத்தைக் கட்டட்டும். காலமெல்லாம் எதிரணியின் பெனால்டி பாக்ஸில் பந்துக்காகக் காத்திருந்தவருக்கு, அந்தப் பந்து வந்துசேரும் வழி எவ்வளவு முக்கியம் என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். நல்ல ஸ்டிரைக்கர் நல்ல பயிற்சியாளராவதற்கான அடிப்படை அங்கேதான் இருக்கிறது. கோல் அடிக்கும் கணத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தக் கணத்துக்கு முந்தைய பத்துப் பாஸ்களைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

அவர் கையில் கிறிஸ்டீன் சின்க்ளேர் இருந்தார். 190 கோல்களோடு, ஆண் பெண் இருபாலரிலும் சர்வதேச ஆட்டங்களில் அதிக கோல் அடித்தவர் என்ற சாதனையைப் பின்னாளில் படைத்தவர். 2010 நவம்பரில் மெக்ஸிகோவின் கான்கூன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் சின்க்ளேரின் பெனால்டி கோலில் கனடா மெக்ஸிகோவை 1-0 என வென்று வட அமெரிக்க வட்டாரத்தின் சாம்பியனானது. 2010, 2011 சைப்ரஸ் கோப்பைகளும் கனடாவுக்கே.

இவ்வளவு வெற்றிக்கு நடுவில், 2011 பிப்ரவரியில், உலகக் கோப்பை முடிந்ததும் விலகிவிடுவேன் என்று மொராச்சே அறிவித்தார். அணிக்கான நிதியை எப்படிச் செலவிடுவது என்பதில் தனக்கு உரிமை வேண்டும் என்பது சங்கத்திடம் அவர் வைத்த கோரிக்கை. முகாம் எங்கே, எத்தனை நாள், பயிற்சி ஆட்டம் யாரோடு என்பதெல்லாம் பணத்தோடு கட்டுண்டவை. அந்தப் பணத்தின் மீது சொல் இல்லாதவர் திட்டம் போட முடியாது. ஆட்டக்காரர்கள் அவர் பக்கம் நின்றார்கள். சிக்கல் தீராவிட்டால் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு அவர் தொடர ஒப்புக்கொண்டார்.

அந்த உலகக் கோப்பையில், ஜூன் 26 அன்று பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் கனடா ஜெர்மனியைச் சந்தித்தது. இரண்டாம் பாதியில் ஒரு மோதலில் சின்க்ளேரின் மூக்கெலும்பு உடைந்தது. களத்துக்கு வெளியே போனவர் திரும்ப வந்து ஆடினார். 82-வது நிமிடத்தில் அவர் அடித்த ஃப்ரீ கிக் வளைந்து வலைக்குள் போனது. 2003-க்குப் பிறகு உலகக் கோப்பையில் ஜெர்மனி வாங்கிய முதல் கோல் அது. ஆட்டம் ஜெர்மனிக்கு 2-1. அதன் பிறகு கனடா பிரான்சிடம் 4-0 என்றும் நைஜீரியாவிடம் 1-0 என்றும் தோற்று வெளியேறியது. அடுத்த மாதமே மொராச்சே விலகினார்.

இந்தத் தோல்வியை மூடிமறைக்கத் தேவையில்லை. உலகக் கோப்பைக்கு முன் அணியை மாதக்கணக்கில் இத்தாலியில் தங்கவைத்தது ஆட்டக்காரர்களைச் சோர்வடையச் செய்தது என்ற விமர்சனம் எழுந்தது. புதிய ஆட்டமுறையை முழுதாகப் பழகும் முன்பே வலுவான அணிகளோடு மோத நேர்ந்ததும் உண்மை. அடுத்து வந்த ஜான் ஹெர்ட்மன், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களைக் கொண்டு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். சின்க்ளேர் அங்கே ஆறு கோல் அடித்தார். மொராச்சே பந்தைத் தரையில் வைத்து ஆடப் பழக்கிய அணிதான் அது என்பதையும், அதை மனம் தளராமல் மீட்டெடுத்தவர் ஹெர்ட்மன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2014-ல் இத்தாலியக் கால்பந்துப் பெருமை மன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண். 2017-ல் டிரினிடாட் டொபேகோ பெண்கள் அணிப் பொறுப்பிலிருந்து, பேசிய சம்பளம் வராததால் விலகல். 2018-19-ல் புதிதாகத் தொடங்கிய மிலான் பெண்கள் அணியின் முதல் பயிற்சியாளராக லீக்கில் மூன்றாம் இடம். 2021-ல் லாசியோ பெண்கள் அணியை முதல் பிரிவுக்கு உயர்த்தினார். அதே ஆண்டில் பதவி பறிக்கப்பட்டது. 2024-ல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உதவியாளர் நியமனம், நிதி, சம்பளம் என்று ஒவ்வொரு கிளப்பிலும் சங்கத்திலும் எந்த உரிமைக்காகப் போராடினாரோ, அந்த உரிமைகளைச் சட்டமாக எழுதும் இடத்துக்கே கடைசியில் போய்ச் சேர்ந்தார்.

ஆதரவு கிடைத்தவர்கள்

மொராச்சேயின் குணம்தான் காரணம் என்று இதை முடித்துவிடலாமா? அவருக்குச் சற்று மூத்த இன்னொரு ஸ்டிரைக்கரைப் பாருங்கள். ஸ்வீடனின் பியா சுன்ட்ஹாகே 146 ஆட்டங்களில் 71 கோல் அடித்தவர். 1984-ல் நடந்த முதல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில் ஸ்வீடனை வெற்றிபெறச் செய்த கடைசி பெனால்டி அவருடையது. பயிற்சியாளராக அமெரிக்க அணியோடு 2008, 2012 ஒலிம்பிக் தங்கங்கள், ஸ்வீடனோடு 2016 வெள்ளி, பிறகு பிரேசில். கோல் கணக்கில் மொராச்சேக்குப் பின்னால். பயிற்சிக் கணக்கில் வெகு முன்னால்.

சுன்ட்ஹாகே அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே பல்கலைக்கழகங்களில் பெண்கள் கால்பந்து வேரூன்றியிருந்தது. கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரச் சொன்ன 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் பலன் அது. நிதி இருந்தது, ஆட்டங்கள் இருந்தன, பயிற்சியாளரின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. அந்தத் திறமை விளைய நிலம் பண்பட்டிருந்தது.

இத்தாலியிலும் பின்னால் வந்தவர்களுக்கு வழி சற்றே அகன்றது. தேசிய அணிக்காக நூறு கோலைத் தாண்டிய பத்ரீத்சியா பனிக்கோ 2017-ல் இத்தாலியின் 16 வயதுக்குட்பட்ட ஆண்கள் அணியை வழிநடத்தினார். பிறகு ஃபியோரென்டினா பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். விட்டெர்போவில் மொராச்சேயோடு நின்ற பவன்யோலி 2021-ல் ரோமா பெண்கள் அணிக்கு இத்தாலியக் கோப்பையை வென்று தந்தார். முதலில் போனவர் மோதிய கதவு, பின்னால் வந்தவர்களுக்குத் திறந்தது. ஆனாலும் உலக அளவில் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் ஆடிய 32 அணிகளில் 12 அணிகளுக்கு மட்டுமே தலைமைப் பயிற்சியாளர் பெண்.

கோழிக்கோட்டில் ஓர் இறுதியாட்டம்

இந்தியப் பெண்கள் கால்பந்து மொராச்சேயின் தலைமுறையோடு ஒத்த வயதுடையது. 1975-ல் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சம்மேளனம் அமைந்தது. 1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதிக்குப் போய்ச் சீன தைபேயிடம் 2-0 எனத் தோற்றது. 1983-ல் மீண்டும் ஆசிய இறுதியாட்டம்; தாய்லாந்திடம் தோல்வி. அந்த ஆண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் கால்பந்து ஆட்டக்காரர். இரண்டாவது பெண்ணுக்கு, மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவிக்கு, அது 2017-ல்தான் கிடைத்தது. இடையில் 34 ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் நடந்தது என்ன? பெரும்பாலும் ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் சிக்கல். 2009-ல் பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஓர் ஆட்டம்கூட ஆடாததால் ஃபிஃபா தரவரிசையிலிருந்தே இந்தியப் பெண்கள் அணி நீக்கப்பட்டது. ஆட்டமே நடக்காத நாட்டில் சாதனைக் கோல்களும் பதிவாவதில்லை, ஓய்வு பெற்றவர்கள் பயிற்சியாளராகப் போக இடமும் இல்லை. எண்பதுகளில் ஆசியாவின் இரண்டாம் இடத்தில் இருந்த ஒரு தலைமுறையின் அனுபவம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறாமலே கரைந்துபோனது. வீணாய்ப்போன அந்தச் செல்வத்தை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

2016-17-ல் இந்திய மகளிர் லீக் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. 2019-ல் மதுரையின் சேது எஃப்சி பட்டம் வென்றது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். 2020-ல் பெங்களூரில் நடந்த இறுதியில் கோகுலம் கேரளா, மணிப்பூரின் கிரிஃப்சா அணியை 3-2 என வென்றது, பயிற்சியாளர் பி.வி. பிரியா. தெற்கிலிருந்து அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள், இரண்டுமே பெண்கள் பயிற்றுவித்த அணிகள். கோவாவின் மேமோல் ராக்கி 2017 முதல் 2021 வரை தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 2025 ஜூலையில் சியாங் மாய் நகரில் தாய்லாந்தை 2-1 என வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, பயிற்சிக் குழுவில் பிரியாவும் இருந்தார். கோழிக்கோடு நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களைக் கால்பந்துக்குக் கொண்டுவந்த ஃபௌசியா மாம்பற்ற 2021-ல் மறைந்தார். கேரளத்தில் இன்று ஆடும் பெண்களைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் தாண்டக் கூடாது.

தமிழ்நாடு 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் வென்று தேசியப் பட்டத்தை இருமுறை எடுத்தது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் இந்திய அணியின் நடுவரிசையில் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். அவர் தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். நம் பெண்கள் பலருக்கும் கால்பந்து போலீஸ் வேலைக்கோ ரயில்வே வேலைக்கோ வழி திறக்கிறது. அது நல்லதுதான், ஒரு குடும்பமே அதனால் தலைநிமிர்கிறது. ஆனால் ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் காலில் சேர்ந்திருக்கும் அறிவு ஸ்டேஷன் மேசைக்குப் போய்விடுகிறது, கிரவுண்டுக்குத் திரும்புவதில்லை.

மூணாறிலும் சித்தூரிலும்

இடுக்கியின் தேயிலை மலைகளில் கால்பந்து புதிதில்லை. மூணாறில் எஸ்டேட்டுகளுக்கு இடையே நடக்கும் ஃபின்லே ஷீல்டு போட்டி எண்பது ஆண்டுகளைக் கடந்தது. பெரியவாரை, கன்னிமலை, நல்லதண்ணி என்று எஸ்டேட் பேர் சொல்லி ஆடும் அணிகள்; ஆடுபவர்கள் தோட்டத்திலும் ஃபாக்டரியிலும் வேலை செய்யும் ஆண்கள். பாலக்காட்டுப் பக்கம், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தின் மணம் வீசும் நாடு. அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி, டிக்கெட் போட்டு, இரவு விளக்கில் ஆடும் ஆட்டம். அதுவும் பெரும்பாலும் ஆண்களுடையதே.

மூணாறில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எத்தனை கிலோ பறித்தார்கள் என்பது அன்றாடம் எடைபோட்டு எழுதப்படும். அந்த எண்ணில் யாரும் தகராறு செய்ய முடியாது. ஆனால் கூலி, போனஸ், பேச்சுவார்த்தை எல்லாம் நெடுங்காலம் ஆண்கள் தலைமை வகித்த சங்கங்களின் கையில் இருந்தன. 2015 செப்டம்பரில் பெண்கள் அந்தச் சங்கங்களையே விலக்கி வைத்துவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயரில் 20 சதவீத போனஸ் கேட்டு, கேட்டதை வாங்கினார்கள். உழைப்பின் கணக்கு தங்களுடையது என்றால் முடிவும் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதே அந்தப் பெண்களின் வாதம். மொராச்சே விட்டெர்போவிலும் கனடாவிலும் சொன்னதும் இதையேதான். தேயிலைத் தோட்டத்துப் பெண்ணும் வெனிஸ் நகரத்து ஸ்டிரைக்கரும் ஒரே நியாயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு பெண் குழந்தை பள்ளிக் கிரவுண்டில் கோல் மேல் கோல் அடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் இருபது ஆண்டுகள் கழித்துப் பயிற்சியாளராக நிற்க வேண்டுமானால் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்.

முதலாவது, கணக்கு. மொராச்சே எத்தனை கோல் அடித்தார் என்று நமக்குத் தெரிவது இத்தாலி அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக ஏற்காத காலத்திலும் ஸ்கோர் தாளைப் பாதுகாத்ததால். நம் பள்ளி, மாவட்ட அளவிலான பெண்கள் ஆட்டங்களில் அந்தத் தாள் பரிசளிப்பு விழாவோடு காணாமல் போகிறது. எழுதிவைக்காத சாதனையைக் காட்டி யாரும் வேலை கேட்க முடியாது. மாவட்டச் சங்கங்கள் ஒவ்வொரு ஆட்டத்தின் கோல் விவரத்தையும் பெயரோடு பதிவு செய்வதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

இரண்டாவது, லைசென்ஸ். இந்தியாவில் பயிற்சியாளர் ஏணி டி லைசென்ஸிலிருந்து ஆசியச் சம்மேளனத்தின் சி, பி, ஏ, ப்ரோ என்று மேலே போகிறது. ஓய்வுக்குக் காத்திருக்காமல், ஆடும்போதே கீழ்ப்படிகளை ஏறிவிட வேண்டும். இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டின் சித்தூர் தாலுகாக்களில் தமிழ் வழியில் படித்து வரும் பெண்களுக்கு இந்த வகுப்பு தமிழில் கிடைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தும் பாடத்தின் மொழி தெரியாமல் ஒரு பெண் பின்தங்குவது அநியாயம். கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து நடத்தினால் ஒரே வகுப்பு மலையின் இரு பக்கத்துக்கும் போதும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினம்: எழுத்தில் அதிகாரம். பெண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளரை நியமித்துவிட்டு, தேர்வுக் குழுவில் வேறு நால்வரை உட்காரவைத்து, செலவுக்கு ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கிவரச் சொன்னால் அது பெயரளவு நியமனம். யார் ஆடுவது என்பதில் கடைசிச் சொல் யாருடையது, உதவியாளரை யார் தேர்ந்தெடுப்பது, ஆண்டுச் செலவுக்கு எவ்வளவு, அதில் பயிற்சியாளர் தானே முடிவெடுக்கக்கூடியது எவ்வளவு, சம்பளம் எந்தத் தேதியில் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தோற்றால் அவரைக் கேள்வி கேட்கும் உரிமை சங்கத்துக்கு அப்போதுதான் வரும். முடிவெடுக்க விடாமல் வைத்திருந்துவிட்டுத் தோல்விக்கு மட்டும் பொறுப்பேற்கச் சொல்வது நேர்மையில்லை.

மொராச்சேயின் கோல்களை வியப்பதோடு நாம் நின்றுவிட்டால் அவர் வாழ்க்கையின் பாதியைத்தான் படித்திருப்போம். மறுபாதி, ஒப்பந்தங்களும் விலகல் கடிதங்களும் நிறைந்த பாதி, நமக்கு இன்னும் அதிகம் பயன்படும். இந்த மலையடிவாரத்திலிருந்து கோல் அடிக்கத் தெரிந்த பெண்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அதற்கு யார் அனுமதியும் தேவைப்படாது. அவர்களை அணியின் தலைமையில் அமர்த்துவதும், அமர்த்திய பிறகு அவர்கள் சொல்லை மதிப்பதும் சங்கங்களின் கடமை. அந்தக் கடமையைச் செய்யச் சொல்லிக் கேட்பது, கால்பந்தை நேசிக்கும் நம் ஒவ்வொருவரின் கடமை.